மூடினா தூங்கிரும்னு சொன்னேன்

சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. அந்த லேப்டாப்ப அப்படியே மூடிப் பைக்குள்ள வைக்கீங்களே, ஒரு நிமிஷம் வெளிய எடுத்து முழுசா ஆஃப் பண்ணிட்டு வைங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க மிஷின், உங்க இஷ்டம். ஆனா மதுரையில போய்த் திறந்தா பாதி சார்ஜ்தான் இருக்கும். பையத் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கும்.

பண்ணிட்டீங்களா? சரி. இப்பத்தான் நிம்மதியா இருக்கு. உங்களுக்கு இல்ல, எனக்கு.

நான் இந்தத் தொழில்தான் சார். பாளையங்கோட்டையில மார்க்கெட் பக்கம் சுயம்பு கம்ப்யூட்டர்ஸ்னு போர்டு தொங்கும். சுயம்புலிங்கம் என் பேரு. பதினாறு வருஷமா லேப்டாப் விக்கேன், ரிப்பேர் பாக்கேன். கோவில்பட்டியே இன்னும் வரல. கேக்கீங்கன்னா சொல்லுதேன். கேக்கலன்னாலும் சொல்லுவேன்னு வைங்க. இப்பல்லாம் யாராவது மூடிப் பைக்குள்ள வச்சா எனக்கு வாய் சும்மா இருக்க மாட்டேங்கு.

பழைய லேப்டாப் எல்லாம் மூடினா நெசமாவே தூங்கிரும். உள்ள மெமரிக்கு மட்டும் துளி கரண்ட் போயிட்டு இருக்கும், மத்ததெல்லாம் செத்த மாதிரி கெடக்கும். மூணு நாள் கழிச்சுத் திறந்தாலும் கொஞ்சந்தான் குறைஞ்சிருக்கும். இப்ப வாறது அப்படி இல்ல. செல்போன் மாதிரி ஆக்கிட்டாங்க. ஸ்கிரீன் அணையும், ஃபேன் நிக்கும், பாத்தா தூங்குற மாதிரித்தான் தெரியும். ஆனா உள்ள முழிச்சிட்டு இருக்கும். மெயில் வந்திருக்கா, அப்டேட் வந்திருக்கா, வைஃபை இருக்கான்னு பாத்துக்கிட்டே கெடக்கும். கோழித்தூக்கம். அதுலயும் ஒரு மிஷின் ஒழுங்கா இருக்கும். அதே கம்பெனி, அதே மாடல், பக்கத்துல இருக்கது விடியிறதுக்குள்ள எல்லாத்தையும் குடிச்சு முடிச்சிரும். உள்ள இருக்க வைஃபை கார்டு வேறயா இருக்கும், அத வேல வாங்குற டிரைவர் சாஃப்ட்வேர் வேறயா இருக்கும், இல்லன்னா ஓரத்துல ஒரு மவுஸ் ரிசீவர் சொருகியிருக்கும், அது எழுப்பி விட்டுக்கிட்டே இருக்கும். ஒண்ண மாதிரி ஒண்ணு இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும் சார். அதத்தான் சொல்ல வாறேன். எனக்குத் தெரியும்.

வேதமாணிக்கம் சார்னு ஒருத்தரு. தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஜில்லாவுல பாதி வயக்காட்ட அவரு சங்கிலி போட்டு அளந்திருப்பாருன்னு சொல்லுவாங்க. ரிட்டயர் ஆகி ரெண்டாவது வருஷம் தொண்டையில கேன்சர். ஆபரேஷன் பண்ணிக் குரல்வளைய எடுத்துட்டாங்க. உசுரு நின்னுச்சு, குரல் போச்சு. தொண்டையில வச்சு அழுத்திப் பேசுற கருவி ஒண்ணு இருக்காம், அது அவருக்குச் சரிப்படல. அவரு மக பெங்களூர்ல இருக்கு. அதுதான் லேப்டாப்ல ஒரு புரோகிராம் போட்டுக் குடுத்திருக்கு. தமிழ்ல டைப் பண்ணினா மிஷின் வாசிக்கும். போன்லயும் அப்படி உண்டேன்னு கேப்பீங்க. உண்டு. ஆனா சாருக்குக் கண்ணு சரியில்ல, சின்ன எழுத்து தெரியாது. லேப்டாப்ல எழுத்த உள்ளங்கை அளவுக்குப் பெருசு பண்ணி வச்சிருப்பாரு.

முதல்ல கடைக்கு வந்தன்னைக்கு எனக்கு விவரம் தெரியாது. பேசாம நிக்காரேன்னு, காது கேக்காதுபோலன்னு நெனச்சு நான் சத்தம் போட்டுப் பேசுதேன். அவரு மேசையில லேப்டாப்ப வச்சுத் திறந்தாரு. அது பேசுச்சு. "வணக்கம். என் பெயர் வேதமாணிக்கம். எனக்குக் குரல் இல்லை. காது நன்றாகக் கேட்கும். சத்தமாகப் பேச வேண்டாம்."

ரேடியோவுல செய்தி வாசிக்க மாதிரி எழுத்துத் தமிழ். கூட வந்திருந்த அக்கா சிரிச்சாவ. அவரு வீட்டம்மா, லில்லிபுஷ்பம் அக்கா. எனக்கு வெக்கமாப் போச்சு. ஆனா அன்னையிலேர்ந்து சார எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.

அந்தப் பழைய மிஷின் ஆறு வருஷம் ஓடுனது. கீழ விழுந்து, திரை பாதி கருத்துப் போச்சு. புதுசு வாங்கிருங்க சார்னு நான்தான் சொன்னேன். போன பிப்ரவரியில நான்தான் எடுத்துக் குடுத்தேன். நல்ல மிஷின், லேசா இருக்கும், சட்டுன்னு வேல செய்யும். கம்பெனி பேரு வேண்டாம், அவன் மேல ஒண்ணும் குத்தம் இல்ல. அந்தப் புரோகிராம மாத்திப் போட்டு, எழுத்தப் பெருசு பண்ணி, எல்லாம் ரெண்டு மணி நேரம் உக்காந்து செஞ்சேன்.

நாலு நாள் கழிச்சு சார் திரும்பி வந்தாரு. மூடி வச்சுக் கொஞ்ச நேரம் போச்சுன்னா மிஷின் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிருது, திறந்தா முழிக்க அர நிமிஷம் ஆகுதுன்னு சொன்னாரு. நமக்கு அர நிமிஷம் ஒண்ணும் இல்ல. அவருக்கு அது அப்படி இல்ல. காய்கறிக் கடையில ஒருத்தன் ஏதோ கேக்கான், இவரு திறந்து காத்து நிக்கதுக்குள்ள அவன் அடுத்த ஆளப் பாக்கப் போயிருதான். பழைய மிஷின்ல திறந்த ஒடனே வாய் வந்துரும், அப்படி வேணும்னு கேட்டாரு.

நான் செஞ்சு குடுத்தேன். அந்த ஆழ்ந்த தூக்கத்த நிப்பாட்டி விட்டேன். அதுக்கு ஹைபர்னேட்னு பேரு. சார்ஜ் ரொம்பக் குறைஞ்சா மிஷின் தானா எல்லாத்தையும் உள்ள பத்திரப்படுத்திட்டு முழுசா அணைஞ்சு போகும். அது ஒரு காவல் மாதிரி. அந்தக் காவல நான் எடுத்துட்டேன். ரெண்டு நிமிஷ வேல. திறந்தாரு, ஒடனே வந்துச்சு. சார் டைப் பண்ணினாரு. "நன்றி தம்பி. எனக்கு வாய் திரும்பி வந்தது." எனக்கு அப்ப எவ்வளவு பெருமை தெரியுமா? இனிமே ஆஃப் பண்ணவே வேண்டாம் சார், மூடினா தூங்கிரும், பழசு மாதிரியேன்னு சொல்லி அனுப்பினேன். பழசு மாதிரியே. அந்த வார்த்தைய நான்தான் சொன்னேன்.

ஏப்ரல்ல லில்லி அக்கா மட்டும் ஒரு நாள் வந்தாவ. மிஷின் கையில இல்ல. மார்க்கெட்டுக்கு வந்த வழியில எட்டிப் பாத்தாவ. சாயங்காலம் நெறைய சார்ஜ் இருக்கு, காலையில பாத்தா பாதிக்கும் கீழ போயிருது தம்பி, பழசுல இப்படி இல்லையேன்னு கேட்டாவ. கடையில அன்னைக்குக் கூட்டம். காலேஜ் பிள்ளைகள் பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க நிக்குது. நான் தலைய நிமித்தாமலே, புது பேட்டரி அப்படித்தான் இருக்கும்கா, போகப் போகப் பழகிரும்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பேட்டரி பழகுறதாவது. ஒண்ணும் பழகாது. மிஷினக் கொண்டாங்க பாக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அக்கா சரி தம்பின்னு போயிட்டாவ. அதுக்கப்புறம் தினமும் ராத்திரி சார்ஜ் போட்டு வச்சு ஓட்டியிருக்காவ. அதனால பெருசாத் தெரியல.

இப்ப சாரோட அண்ணன் கதையச் சொல்லணும். எபனேசர்னு பேரு. நாசரேத் பக்கம் அவங்க சொந்த ஊரு. அப்பா எறந்த பொறகு எடத்த ரெண்டாப் பிரிச்சாங்க. தம்பி சர்வேயர்தானே, அவரே அளந்து கல்லு நட்டாரு. கிணறு தம்பி பக்கம் வந்துச்சு. கிணறு என் பக்கம்தான் வரணும்னு அண்ணன் சொல்லியிருக்காரு. தம்பிக்குக் கோவம். நான் ஊரு எடத்தையே அளந்தவன், எனக்கா அளக்கத் தெரியாதுன்னு. பேச்சு நின்னு போச்சு. பதினோரு வருஷம். தம்பிக்குக் கேன்சர் வந்தப்பயும் அண்ணன் வந்து பாக்கல. ஆபரேஷன் ஆச்சுன்னு காதுல விழுந்திருக்கும், குரலே போச்சுன்னு தெரியுமோ தெரியாதோ.

ஜூன் மாசம் அண்ணனுக்கு மூளையில ரத்தக்கசிவு. நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில ஐசியுல வச்சிருந்தாங்க. கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக் கெடந்துச்சாம். ஆனா நெனவு அப்பப்ப வரும், பேச்சு கேக்கும், ஒண்ணு ரெண்டு வார்த்த பேசுவாரு. அவரு சம்சாரம் போன் பண்ணி, தம்பியக் கேக்காரு, வரச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்காவ. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குப் பதினஞ்சு நிமிஷம் விடுவாங்களாம்.

அன்னைக்குச் சாயங்காலம் சார் உக்காந்து டைப் பண்ணியிருக்காரு. ரொம்ப நேரம். அக்காட்டக் காட்டல. டைப் பண்ணும்போது சத்தத்த அணைச்சு வச்சிருந்தாரு. முடிச்சதும் அக்கா சார்ஜரக் கழட்டி, மூடிப் பைக்குள்ள வச்சாவ. நூறு பர்சென்ட் இருந்துச்சு, அக்கா பாத்தாவ. காலையில கெளம்பும்போது பை கனமா இருக்குன்னு சார்ஜர மட்டும் மேசையிலயே வச்சிட்டாவ. நூறு இருக்கே, போயிட்டு மத்தியானம் திரும்பிரப் போறோம்னு.

பஸ்ல போகும்போது மடியில பை சூடா இருந்துச்சாம் தம்பி, வெயில்னு நெனச்சேன்னு அக்கா எங்கிட்ட சொன்னாவ.

ஐசியுல நர்சுட்டச் சொல்லி லேப்டாப்ப உள்ள கொண்டு போயிட்டாங்க. கட்டில் பக்கத்துல சார் நின்னு திறக்காரு. கருப்பா இருக்கு. பட்டன அமுக்காரு. வரல. மறுபடியும் அமுக்கிப் புடிச்சிட்டே நிக்காரு. அந்தச் சார்ஜர் மாதிரி அங்க யார்ட்டயும் இல்ல.

ஆளு வந்த சத்தம் காதுல விழுந்து அண்ணன் கேட்டிருக்காரு. "வேதம் வந்திருக்கானா?"

"வந்துட்டாவ பெரியத்தான், பக்கத்துலதான் நிக்காவ"ன்னு அக்கா சொல்லியிருக்காவ.

"பொறவு ஏன் பேச மாட்டேங்கான்?"

அக்கா சொல்லியிருக்காவ, அவருக்குக் குரல் இல்ல பெரியத்தான், தொண்டைய எடுத்துட்டாங்கன்னு. அது அவருக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு அக்காவுக்குத் தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும், "இன்னும் கோவமாத்தான் இருக்கான்போல"ன்னு சொன்னாராம். சார் அண்ணன் கையப் புடிச்சிட்டு நின்னிருக்காரு. அண்ணன் திருப்பிப் புடிக்கல. மருந்துச் சீட்டுக்குப் பின்னால சார் என்னமோ எழுத ஆரம்பிச்சிருக்காரு, ரெண்டு வரி எழுதி, அக்காகிட்டக் குடுக்கப் போயி, குடுக்காம மடக்கிச் சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. நேரம் முடிஞ்சுதுன்னு நர்ஸ் வந்துட்டா. அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அண்ணன் எறந்துட்டாரு.

தண்ணி இருக்கா சார்? ஒரு வாய். நன்றி.

அடக்கம் எல்லாம் முடிஞ்சு நாலாவது நாள் ரெண்டு பேரும் கடைக்கு வந்தாங்க. மதியம் மூணு மணி இருக்கும். அக்கா நடந்ததெல்லாம் சொன்னாவ, இப்ப நான் உங்ககிட்டச் சொன்னேனே, அதையெல்லாம்.  லேப்டாப் மேசையில கெடக்கு, செத்துப் போயி. சார்ஜரும் கொண்டாந்திருந்தாங்க, மிஷினே கெட்டுப் போச்சுன்னு பயந்து வீட்டுல வச்சுச் சொருகிப் பாக்கல.

நான் என்ன செஞ்சிருக்கணும்? சொல்லுங்க. நான் கேட்டேன் சார், "ஒழுங்கா மூடினீங்களா? ஏதாவது ஓட விட்டுட்டு மூடியிருப்பீங்க. அவ்வளவு முக்கியமான எடத்துக்குப் போறப்ப சார்ஜராவது எடுத்துட்டுப் போகக் கூடாதாக்கா?"ன்னு.

கடையில வேற ரெண்டு பேரு நிக்காங்க. அவங்க முன்னாலதான் கேட்டேன். சார் ஒடனே நிமிந்து பாத்தாரு. கை ரெண்டும் மேசைக்கு வந்துச்சு, டைப் பண்ண வந்த மாதிரி. மிஷின் செத்துக் கெடக்கே, அதுல என்னத்தச் சொல்லுவாரு. கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. பதில் சொல்ல முடியாத மனுஷன்கிட்ட நான் கேள்வி கேட்டுட்டு நிக்கேன்.

அக்காதான் சொன்னாவ. "நாந்தான் தம்பி மூடினேன். சார்ஜர வச்சதும் நாந்தான்."

 பரவால்லக்கா, பாக்கேன், நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். சார் போகும்போது ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்தாரு. நான் எழுதியது இருக்கிறதா என்று பார். அது மட்டும் போதும்னு.

அவங்க போன பொறகு சார்ஜர சொருகி ஏத்தினேன். இந்த மிஷின்கள்ல ஒரு ரிப்போர்ட் எடுக்கலாம் சார். மூடி வச்சிருந்த நேரத்துல எப்ப எப்ப முழிச்சுது, எது எழுப்புச்சு, எவ்வளவு குடிச்சுதுன்னு எல்லாம் காட்டும். எடுத்தேன். சாயங்காலம் மூடினதிலேர்ந்து காலையில பஸ்ல போறது வரைக்கும் ஒரே செவப்புக் கோடு. வைஃபை டிரைவர்ல கோளாறு, மிஷின் ஒரு நிமிஷம் தூங்கல. வீட்டு வைஃபை போன பொறகும் பஸ்ல தேடிக்கிட்டே போயிருக்கு. அப்படி இருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. ரொம்பக் குறைஞ்ச ஒடனே தானா ஹைபர்னேட்டுக்குப் போயி நின்னிருக்கும், அவரு பதினஞ்சு நிமிஷம் பேச அது போதும். அந்தக் காவல எடுத்தது யாரு? நான்தான். அக்கா மூடினதுல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்ன மாதிரித்தான் மூடியிருக்காவ.

ரிப்போர்ட்ட அழிச்சிட்டேன். என்னமோ அது அங்க இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு.

பொறகு சார் எழுதினதத் தேடினேன். அந்தப் புரோகிராம் தானா ஒரு காப்பி வச்சிருந்துச்சு. இருக்கான்னு பாக்கத்தான் திறந்தேன், சத்தியமா. அப்ப அத வாசிக்க வைக்கிற பட்டன அமுக்கிட்டேன். சரி, தெரிஞ்சேதான் அமுக்கினேன். மிஷின் வாசிக்க ஆரம்பிச்சுது.

"அண்ணா, நான் வேதம். இது என் குரல் இல்லை, ஆனால் சொல்வது நான். கல் நட்டது தப்பு. அளக்கும்போது எனக்குத் தெரியாது. மறு வருடம் ஆபீஸில் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். கிணறு உன் பக்கம்தான். அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பத்து வருடம் போய்விட்டது. லில்லிக்கும் தெரியாது. அவள் இன்னும் நீதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ என்னைப் பார்க்க வராததில் எனக்குக் கோபம் இல்லை. நான் வந்திருக்க வேண்டியவன்."

அதுக்கு மேலயும் இருந்துச்சு. சின்ன வயசுல கிணத்துல நீச்சல் சொல்லிக் குடுத்தது அது இதுன்னு. அண்ணன் கேக்க வேண்டியது. கேட்டது நான். கடையில தனியா உக்காந்து கேட்டேன். மூணு தடவ கேட்டேன்.

மறுநாள் அவங்க வந்தாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பேட்டரியில கோளாறு சார், கம்பெனிக்காரன் மாட்டினது சரியில்ல, என் பொறுப்புல புதுசு போட்டுட்டேன்னு சொன்னேன். போட்டிருந்தேன் சார், நெசமாவே புதுசு போட்டிருந்தேன். கூடவே டிரைவர மாத்தி, ஹைபர்னேட்ட மறுபடியும் போட்டு விட்டேன். அதச் சொல்லல. அந்தப் பழைய பேட்டரி என் டிராயர்ல இன்னும் கெடக்கு. ஒரு குறையும் இல்லாத பேட்டரி.

எழுதினது இருக்கு சார்னேன். சார் கண்ணு மேல கைய வச்சுக்கிட்டாரு. அக்காவுக்கு அதுல என்ன இருக்குன்னு அப்பவும் தெரியாது. போன உடனே சார் என்ன பண்ணினாரு தெரியுமா, அந்த வாரமே நாசரேத்துக்குப் போயி, அண்ணன் சம்சாரம், மகன் ரெண்டு பேரையும் உக்கார வச்சு, அதை ஓட விட்டிருக்காரு. அக்காவும் அங்கதான் மொதத் தடவ கேட்டாவ. அடுத்த வாரம் கல்லப் பிடுங்கி மாத்தி நட்டாச்சு. பதினோரு வருஷம் கெடந்த கல்லு.

நான் நாலு மாசம் உண்மையச் சொல்லாமலே இருந்தேன் சார். அவங்க தெருவுல எல்லார்ட்டயும் என்னப் பத்தி நல்லதாச் சொல்லியிருக்காங்க. சுயம்பு கடைக்குப் போங்க, அந்தத் தம்பி நம்ம மனசு நோகக் கூடாதுன்னு பேட்டரி மேல பழியப் போட்டு, நம்ம தப்புக்குக்கூடப் புதுசு மாத்திக் குடுக்கும்னு. அதக் கேட்டுட்டு ஆளுங்க வாறாங்க. நான் அவங்களுக்கு வேல பாத்துக் குடுக்கேன். என்ன சொல்லச் சொல்லுதீங்க? நான் கெட்டவன் இல்ல சார். ஒருத்தருக்கும் கெடுதல் நெனச்சதில்ல. அவருக்கு ஒடனே வாய் வரணும்னுதானே அத நிப்பாட்டினேன்.

அக்டோபர்ல பியூலா டீச்சர்னு ஒருத்தவ வந்தாவ, லில்லி அக்கா போற கோயிலுக்கு, அந்தச் சர்ச்சுக்குப் போறவ. லில்லி சொல்லித்தான் வந்தேன்னாவ. கீபோர்டு மாத்திட்டு இருக்கும்போது பேச்சு வாக்குல சொன்னாவ. லில்லிக்கு மனசே சரியில்ல. சார் அண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேச முடியாமப் போனது என்னாலதான், நாந்தான் தப்பா மூடினேன், நாந்தான் சார்ஜர வச்சேன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. பாதி எளைச்சுட்டா. அந்தக் கடைக்கார தம்பிகூடக் கேட்டுச்சு, சார்ஜராவது எடுத்துட்டுப் போகக் கூடாதான்னு, அப்படின்னு அதையே சொல்லுதா.

என் கையில ஸ்க்ரூ டிரைவர் இருந்துச்சு. கீழ வச்சிட்டேன்.

ஞாயித்துக்கிழம, கோயில் முடிஞ்சு அவங்க வந்திருப்பாங்கன்னு கணக்குப் பண்ணி, பதினொன்றரைக்கு வீட்டுக்குப் போனேன். சார் முன் ரூம்ல இருந்தாரு. அக்கா பின்னால துணி காயப் போட்டுட்டு இருந்தாவ. அதுவும் வசதின்னு நெனச்சேன், பாத்துக்கிடுங்க. சார்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிரலாம்னு. எல்லாம் சொன்னேன். ஹைபர்னேட், ரிப்போர்ட், நான் அழிச்சது, பேட்டரி, அவரு எழுதினத நான் கேட்டது, எல்லாம். ஏப்ரல்ல அக்கா வந்து கேட்டப்ப நான் தலைய நிமித்தாமச் சொன்னதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு. இவரும் இப்படி ஒண்ண வச்சிருந்தவருதானே, இவருக்குப் புரியும்னு ஒரு நெனப்பு.

சார் லேப்டாப்பத் திறந்தாரு. டைப் பண்ணினாரு, அழிச்சாரு. மறுபடியும் டைப் பண்ணினாரு, அழிச்சாரு. ரொம்ப நேரம் ஆச்சு. கடைசியில மிஷின் பேசுச்சு.

"லில்லியிடம் சொல்."

அவ்வளவுதான். தம்பின்னுகூட இல்ல. நான் எந்திரிக்காம உக்காந்திருந்தேன். அவரு அதே பட்டன மறுபடியும் அமுக்கினாரு. "லில்லியிடம் சொல்."

பின்னால போனேன். அக்கா சிரிச்சிட்டு, வாங்க தம்பி, எப்ப வந்திய, காப்பி போடட்டுமான்னாவ. கையில ஈரச் சட்ட. நான் சொன்னேன். சார்கிட்டச் சொன்ன மாதிரி வரல. முன்னுக்குப் பின்னா வந்துச்சு. அக்காவுக்கு ஹைபர்னேட் எல்லாம் புரியல. நடுவுல ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டாவ.

"அப்போ நான் மூடினது சரியாத்தான் மூடியிருக்கேனா?"

"சரியாத்தான்கா மூடியிருக்கீங்க."

"அன்னைக்குக் கடையில வச்சே உங்களுக்குத் தெரியுமா?"

அன்னைக்கே தெரியும்கா, நீங்க போன அர மணி நேரத்துலன்னேன். பொய் சொல்ல வரல.

அக்கா அந்தச் சட்டைய உதறிக் கொடியில போட்டாவ. கிளிப்பு மாட்டினாவ. பொறகு என்னைப் பாக்காமச் சொன்னாவ.

"நாலு மாசமா அவர் முகத்தப் பாத்து நான் சாப்பிடல தம்பி. எல போட்டுட்டு உள்ள போயிருவேன். நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பேன்."

திட்டல சார். ஒரு வார்த்த திட்டல. திட்டுவாவன்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். வாளியில மிச்சம் இருந்த துணியெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டுட்டு, வாளியோட உள்ள போயிட்டாவ. காப்பியப் பத்தி அதுக்கப்புறம் பேச்சு இல்ல. முன் ரூம் வழியாத்தான் நான் வரணும். சார் இருந்தாரு. மிஷின மூடி வச்சிருந்தாரு.

இப்பவும் சார் வாறாரு. போன வாரம்கூட கீபோர்டுல எழுத்து ஒண்ணு ஒட்டுதுன்னு கொண்டு வந்தாரு. வேற கடைக்குப் போகல பாத்தீங்களா. அதுக்கு என்ன அர்த்தம்னு நான் நெறைய யோசிச்சுப் பாத்துட்டேன். மன்னிச்சிட்டாருன்னு எடுத்துக்கிடலாமா, இல்ல அந்தப் புரோகிராம போட்டுக் குடுக்க வேற ஆளு இல்லன்னு வாறாரான்னு தெரியல. வேலைய முடிச்சுக் குடுத்தா, நன்றின்னு மட்டும் மிஷின் சொல்லும். முன்னல்லாம் நன்றி தம்பின்னு சொல்லும்.

அக்காவும் கூட வாறாவ. ஆனா கடைக்குள்ள வாறதில்ல. எதிர்த்தாப்புல மருந்துக்கடை இருக்கு, அந்த நெழல்ல நிப்பாவ. நான் வேல பாத்துக்கிட்டே நிமிந்து பாப்பேன். அக்கா ரோட்டப் பாத்துட்டு நிப்பாவ. சார் வெளிய போனதும் பைய அவரு கையிலேர்ந்து வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போவாங்க.